திருவிழா முடிந்த மறுநாள் காலை

பங்குத் திருவிழா என்பது நம் மக்களின் வாழ்வில் பத்து நாள் வந்து போகும் கொண்டாட்டம் மட்டுமன்று. ஆண்டு முழுவதும் தனித்தனியே உழைத்துக் களைத்த குடும்பங்கள் ஒரே கொடிமரத்தடியில் கூடி, தாங்கள் ஒரே இறைமக்கள் என்பதை உணரும் காலம் அது. பிழைப்பிற்காகத் தொலைதூரம் சென்றவர்கள் அந்த நாள்களுக்கென விடுப்பைச் சேர்த்து வைக்கின்றனர். மணமாகி வேற்றூர் சென்ற பெண்மக்கள் பிறந்த ஊர்த் தேரைக் காணக் குழந்தைகளோடு வருகின்றனர். பேச்சு வார்த்தையின்றிப் பிரிந்திருந்த உடன்பிறந்தார் ஒரே பந்தியில் அமர்கின்றனர். இத்தகைய நன்மைகளை நல்கும் விழாவைக் குறைத்துக் கொள்ளுங்கள் என்று கூறுவது நமது நோக்கமன்று. கொடி ஏற வேண்டும். தேர் வலம் வர வேண்டும். பந்தி நிறைய வேண்டும்.

ஆனால், விழா முடிந்து கொடி இறங்கிய மறுநாள் காலையில் ஆலய முற்றம் எவ்வாறு காட்சியளிக்கிறது? பந்தி நடந்த இடத்தில் எச்சில் இலைகளோடு தண்ணீர் பாட்டில்களும் காகிதக் கோப்பைகளும் கலந்து குவிந்துள்ளன. அக்குவியலை ஊரின் மாடுகள் கிளறிக் கொண்டிருக்கின்றன. தேர் சென்ற வீதி நெடுகிலும் வேட்டுக் காகிதம் சிதறிக் கிடக்கிறது. புனிதரின் திருவுருவம் அச்சிட்ட பதாகை ஒன்று காற்றில் அறுந்து, சாக்கடையோரம் மிதிபட்டுக் கிடக்கிறது. அவற்றின் நடுவே தூய்மைப் பணி செய்யும் பெண்ணொருத்தி துடைப்பத்தோடு நிற்கிறார். முந்தின நாள் பந்தியில் அவர் அமர்ந்து உண்டாரா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்காட்சி எந்த ஒரு பங்குக்கும் தனியே உரியதன்று. ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் நாம் காண்பதுதான். ஆதலின் இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நலம்.

துணுக்குகளைச் சேர்க்கச் சொன்னவர்

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அருஞ்செயலை நற்செய்தியாளர் நால்வரும் எழுதியுள்ளனர். பன்னிரண்டு கூடைகள் நிறைந்த செய்தியும் நால்வரிடத்தும் உண்டு. ஆயினும், எஞ்சியவை வீணாகாதபடி அவற்றைச் சேர்த்தெடுக்குமாறு ஆண்டவரே சீடருக்குப் பணித்தார் என்பதை யோவான் ஒருவரே (6:12) நமக்குத் தெரிவிக்கிறார். அளவின்றிப் படைத்தளிக்க வல்லவர், தரையில் விழுந்த துணுக்கையும் பொருட்படுத்தினார். தாராளமும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் திருவழிபாடும் இதே பாடத்தையே நமக்குக் கற்பிக்கிறது. நற்கருணை வழங்கியபின் குரு, தட்டில் தங்கிய மிகச் சிறு துணுக்கையும் விடாது சேர்த்தெடுக்கிறார். திருப்பலித் துணிகளை முதன்முறை அலசிய நீர் சாக்கடையில் சேர்வதில்லை. அதற்கெனக் குறித்த இடத்திலோ தூய மண்ணிலோ ஊற்றப்படுகிறது. குருத்து ஞாயிறன்று நாம் ஏந்திய ஓலை, மறு ஆண்டு திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாக அமைகிறது. இவை நற்கருணைக்கும் அருங்குறிகளுக்கும் காட்டும் தனி வணக்கம் என்பது உண்மையே. பந்திச் சோற்றை அவற்றோடு ஒப்பிட எவரும் துணியார். எனினும், பீடத்தில் துணுக்கைக் காக்கும் மக்கள், பீடத்தை விட்டு இறங்கியதும் அண்டாச் சோற்றைக் குழியில் கவிழ்ப்பது எவ்வாறு பொருந்தும்?

திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டு மே 24 நாளிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், உணவை வீசி எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்பதை நினைவூட்டினார். பிளாஸ்டிக்கைத் தவிர்த்தல், குப்பையைப் பிரித்தல், உண்ணத்தக்க அளவே சமைத்தல் போன்ற எளிய பழக்கங்களையும் அம்மடலிலேயே அவர் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார். 2025-ஆம் ஆண்டில் படைப்பின் பாதுகாப்புக்கெனத் தனித் திருப்பலி ஒன்று திருப்பலி நூலில் சேர்க்கப்பட்டது. திருத்தந்தை பதினான்காம் லியோ அவ்வாண்டு ஜூலை 9 அன்று காஸ்தல் கந்தோல்போவில் அதனை நிறைவேற்றினார். ஆகவே இது நாகரிகம் கருதிய புதுமையன்று. நம் விசுவாச வாழ்வின் ஒரு பகுதி.

குப்பை பிறக்கும் இடம்

திருவிழாக் குப்பை திருவிழா அன்று பிறப்பதில்லை. ஆறு வாரங்களுக்கு முன், விழாக் குழுவினர் கூடிச் செலவுப் பட்டியல் எழுதும்போதே பிறந்துவிடுகிறது. ‘பாட்டில் பெட்டி இத்தனை, கோப்பை இத்தனை, பிளெக்ஸ் இத்தனை’ என்று தாளில் எழுதிய அனைத்தும் பத்தாம் நாள் முற்றத்தில் கிடக்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் பேர் உண்ணும் பந்தி என்று கொள்வோம். ஒருவருக்கு வாழையிலை போல் அச்சிட்ட காகித இலை ஒன்று, கால் லிட்டர் பாட்டில் ஒன்று, பாயசக் கோப்பை ஒன்று, தேநீர்க் கோப்பை ஒன்று, கை துடைக்கும் தாள் ஒன்று என்றால் 5,000 பொருள்கள். ஒன்பது நவநாள் மாலைகளிலும் முந்நூறு பேருக்குக் காகிதக் கோப்பையில் தேநீர் என்றால் மேலும் 2,700. ஆக, 7,700 பொருள்கள். ஒவ்வொன்றும் நம் கையில் இருந்தது சில நிமிடங்களே. அவற்றுள் பெரும்பாலானவை மண்ணில் கிடக்கப் போவதோ பல்லாண்டு. காகிதக் கோப்பை காகிதம்தானே என்று நினைப்போர் உளர். தண்ணீர் ஊறாதிருக்கும்படி அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டுள்ளது. ஆதலின் அது காகிதம் போல் மக்குவதும் இல்லை. பிளாஸ்டிக் போல் எளிதில் உருக்கப்படுவதும் இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்துள்ளது. பிளாஸ்டிக் பைகள், தண்ணீர்ப் பொட்டலங்கள், உறிஞ்சு குழல்கள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் கோப்பைகளும், தெர்மாகோல் தட்டுகள், உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் கொடிகள் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மாகோலும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பதாகைகளும் நாடெங்கும் தடை செய்யப்பட்டன. ஞாயிறு மறையுரையில் சட்டத்தை மதிக்கக் கூறும் நாம், நம் முற்றத்தில் அதனை மறப்பது அழகன்று.

பந்தி

தென் மாவட்டங்களில் அசனம் என்றும், பிற இடங்களில் சமபந்தி என்றும் வழங்கும் விருந்து நம் விழாக்களின் சிறப்பு. இங்கே மூன்று முடிவுகள் போதும்.

முதலாவது, இலை. உண்மையான வாழையிலையே சிறந்தது. அது கிடைப்பதற்கு அரிதான காலத்தில் தையல் இலையோ பாக்குமட்டைத் தட்டோ உதவும். உண்டபின் இவை பிளாஸ்டிக் கலவாமல் தனியே சேருமாயின், ஒரு பகுதி கால்நடைக்கு உணவாகும். எஞ்சியது குழியில் மண்ணும் சாணமும் சேர்ந்து சில மாதங்களில் உரமாகும். ஒரேயொரு பிளாஸ்டிக் பை கலந்தாலும் நிலை மாறுகிறது. பை மாட்டின் வயிற்றில் செரிப்பதில்லை, வெளியேறுவதும் இல்லை, நாளடைவில் இரைப்பையை அடைத்து அந்த வாயில்லா உயிரை வாட்டுகிறது.

இரண்டாவது, தண்ணீர். ஆயிரம் பேருக்கு ஆயிரம் தம்ளர் வேண்டுவதில்லை. பந்திக்கு இருநூறு பேர் என்றால் நானூறு எவர்சில்வர் தம்ளர்கள் போதும். ஓர் இருநூறு பந்தியில் இருக்கும்போது மற்ற இருநூறு கழுவப்படும். தேய்க்க ஒரு தொட்டி, அலச ஒரு தொட்டி, இறுதியாக வெந்நீர் ஒரு தொட்டி என வைத்தால் தூய்மைக்குக் குறைவில்லை. கழுவிய நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம்.

மூன்றாவது, அளவு. வருவோர் தொகையை ஊகிப்பதால்தான் உணவு மிகுகிறது. ஒவ்வோர் அன்பியமும் தன் குடும்பங்களில் உண்ண வருவோர் எண்ணிக்கையை ஒரு வாரம் முன்னரே எழுதித் தரலாம். வெளியூர் விருந்தினருக்கென ஒரு பங்கு கூட்டிக் கொள்ளலாம். அனுபவமுள்ள சமையற்காரர் முழு அரிசியையும் ஒரே நேரத்தில் உலையில் இடமாட்டார். மூன்றாம் பந்தியின் கூட்டத்தைக் கண்டபின்னரே கடைசி உலையை வைப்பார். பரிமாறுவோரும் இலையை ஒரே தடவையில் நிரப்பாமல், குறைவாக வைத்துக் கேட்டுக் கேட்டு இடுவது நம் முன்னோர் அறிந்த முறையே. அப்படியும் மிஞ்சினால், எச்சில் படாத உணவைச் சூடு ஆறுமுன் கொண்டு சேர்க்கும் பொறுப்பைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் முன்கூட்டியே ஒப்படைக்கலாம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. மாலைவரை அண்டாவில் கிடந்து புளித்ததை ஏழைக்கு அனுப்புவது தருமமாகாது.

தோரணமும் பதாகையும்

குருத்தோலை, மாவிலை, வாழைமரம், கூந்தற்பனை ஆகியவற்றால் ஆலயத்தை அணிசெய்யும் கலையை இறைவன் நமக்கு இலவசமாகவே தந்துள்ளான். ஓலை முடையத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றனர். அவர்களை அழைத்து இளையோருக்குக் கற்பிக்கச் செய்தால், இரண்டு தலைமுறைகள் ஒன்றாக அமர்ந்து பேச ஒரு மாலைப் பொழுதும் கிடைக்கும். தேருக்கு நெகிழிப் பூவை விட மல்லிகையும் சம்பங்கியும் செவ்வந்தியுமே தகும். அவற்றையும் நைலான் நூலுக்குப் பதில் வாழைநாரில் தொடுத்தால், மறுநாள் மாலை முழுவதும் மண்ணுக்கே திரும்பும். பீட அலங்காரத்தில் மிதம் வேண்டும் என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை. ஆடம்பரத்தை விட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-ஆம் ஆண்டிலேயே திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் கூறியுள்ளது.

பிளெக்ஸ் பதாகையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அது பி.வி.சி. எனும் குளோரின் கலந்த பிளாஸ்டிக். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயுவும் டையாக்சின் போன்ற நஞ்சுகளும் எழும்பும், புதைத்தால் மக்காது. சாலையில் கட்டினால் உயிருக்கே ஆபத்து. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த பதாகை சரிந்து விழ, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது. நமக்கென மற்றொரு காரணமும் உண்டு. பதாகையின் நடுவில் அன்னை மரியாளின் உருவம். சுற்றிலும் உபயகாரரின் குடும்பப் படங்கள். விழா முடிந்ததும் அது ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகவோ குப்பைமேட்டுக்கு விரிப்பாகவோ போய்ச் சேர்கிறது. இல்லத்தில் அன்னையின் படத்துக்கு விளக்கேற்றும் நாம், வீதியில் அதே படம் மிதிபடக் காரணமாகலாமா?

ஊருக்கு ஒரே அறிவிப்பு போதும். துணியில் ஓவியர் கையால் எழுதினால், ஆண்டும் தேதியும் மட்டும் மாற்றிப் பல்லாண்டு பயன்படுத்தலாம்.

ஒளியும் ஒலியும்

பழைய 60 வாட் குண்டு விளக்குத் தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தருகிறது. அதற்காக விளக்கின் எண்ணிக்கையை ஏழு மடங்கு பெருக்கிவிட்டால் பயனொன்றுமில்லை. நள்ளிரவுக்குப்பின் கொடிமர விளக்கொன்றைத் தவிர மற்றவற்றை அணைப்பது முறை.

ஒலிபெருக்கியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பயன்படுத்தலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்ச அளவு. சமய விழாக்களுக்கென ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை அரசு விலக்களிக்கலாம். ஆயினும் விலக்கு உண்டு என்பதாலேயே அதைக் கடைசி நிமிடம் வரை பயன்படுத்த வேண்டுவதில்லை. ஆலயத்தை அடுத்த வீட்டில் நோயாளி இருக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். வேற்றுச் சமயத்தார் இருக்கலாம். அவர்கள் நம் பாடலைக் கேட்டு மகிழ வேண்டுமேயன்றிக் காதைப் பொத்திக் கொள்ளலாகாது.

வாணவேடிக்கை இல்லாவிட்டால் விழா களையிழக்கும் என்று அஞ்சுவோர் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியை எண்ணிப் பார்க்கலாம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய அவ்வூர் மக்கள், தங்கள் கண்மாய்க்கு வந்து கூடுகட்டும் பறவைகள் வெருண்டு ஓடலாகாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பல்லாண்டுகளாக இதனைக் கடைப்பிடித்து வருகின்றனர். பறவைகளுக்காக அவர்கள் செய்வதை, கைக்குழந்தைகளுக்காகவும் மூப்படைந்தோருக்காகவும் நாம் செய்யலாகாதோ?

எழும் மறுப்புகள்

இவற்றைக் குழுக் கூட்டத்தில் எடுத்துரைத்தால் இரண்டு மறுப்புகள் எழும். இரண்டையும் மதித்து ஆராய்வோம்.

‘செலவு கூடுமே’ என்பது முதல் மறுப்பு. பாக்குமட்டைத் தட்டு, காகித இலையை விட விலை கூடியது என்பது மெய்யே. ஆனால் ஆயிரம் பாட்டில்களும் பல ஆயிரம் கோப்பைகளும் ஆண்டுதோறும் வாங்குவதற்கு ஆகும் செலவை அதோடு சேர்த்து எண்ண வேண்டும். தம்ளர் ஒரு முறை வாங்கினால் பல்லாண்டு உழைக்கும். அண்டாவும் தவலையும் கரண்டியும் ஊர்ப் பொதுவில் வைத்துத் திருமணங்களுக்கு எடுத்து வழங்கிய வழக்கம் நம் கிராமங்களில் இருந்ததன்றோ? பங்கின் பாத்திர அறை மீண்டும் நிறைந்தால், ஏழைக் குடும்பத்துத் திருமணத்துக்கும் அது கைகொடுக்கும்.

‘உபயகாரர்களின் மனம் புண்படுமே’ என்பது இரண்டாவது. நன்கொடையாளர் பெயரை நாலு பேர் அறிய விரும்புவதைப் பெருங்குற்றமாக நாம் கருதவில்லை. ஆனால் பதாகையில் பெயர் நிற்பது பத்து நாள். மறைந்த பெற்றோரின் நினைவாக ஐம்பது தம்ளர்கள் வாங்கி அவர்கள் பெயரைப் பொறித்துத் தந்தால், அப்பெயர் முப்பது ஆண்டுகள் பந்தியில் கைமாறிக் கொண்டிருக்கும். தாகம் தீர்ந்த எத்தனையோ பேர் அதனை வாசிப்பர். எது மேலான பெருமை?

பந்தியில் இடம் இல்லாதோர்

இனி, துடைப்பத்தோடு நின்ற அப்பெண்ணிடம் வருவோம். சுற்றுச்சூழல் என்று பேசுவோர் பலரும் மரத்தையும் ஆற்றையும் பேசுவர். குப்பையை அள்ளும் கைகளைப் பேசார். நம் விழாவின் விலையை விழாவில் பங்கேற்காத ஒருவர் செலுத்துவது நீதியன்று.

கொரிந்து நகரத் திருச்சபையில் கூடி உண்ணும் வேளையில் சிலர் வயிறார உண்டு குடிக்க, வறியோர் பசியோடு நின்றனர். அதனைக் கேள்வியுற்ற புனித பவுலடியார், அவர்கள் கடவுளின் திருச்சபையையே அவமதிப்பதாகக் கடுமையாகக் கண்டித்தார் (1 கொரி. 11). உடைந்த கண்ணாடியும் மட்கிய சோறும் கலந்த குவியலை வெறுங்கையால் பிரிக்குமாறு ஒருவரை விட்டுச் செல்வது அதற்குக் குறைந்த அவமதிப்பன்று.

ஆகவே பந்தி நடக்கும் இடத்திலேயே மூன்று கூடைகள் வைத்தல் வேண்டும்: இலைக்கும் எச்சிலுக்கும் ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, பிறவற்றுக்கு ஒன்று. ஒவ்வொரு கூடையின் அருகிலும் இளையோர் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் நின்று வழிகாட்டட்டும். பந்தி முடிந்த மாலையே உண்டவர்கள் தாமே முற்றத்தைப் பெருக்கட்டும். பங்குப் பேரவையினர் முதலில் துடைப்பம் எடுக்கட்டும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் தக்க ஊதியமும் தருவதோடு, முதற் பந்தியில் மரியாதையான இடமும் தருவோமாக.

இல்லங்களில் தொடங்குவோம்

பங்கு செய்யட்டும் என்று குடும்பங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், நினைவு நாள் என்று நம் இல்லங்களில் விருந்துக்குக் குறைவில்லை. புதுநன்மைச் சிறுவனுக்குத் தெர்மாகோல் வளைவும் பலூன் குவியலும் நினைவில் நிற்பதில்லை. அன்று தன் கையால் நட்ட வேப்பங்கன்று நிற்கும். திருமணத் தாம்பூலத்தைப் பிளாஸ்டிக் பையில் இடாமல் மஞ்சள் துணிப்பையில் இட்டுக் கொடுத்தால், அப்பை சந்தைக்கும் பள்ளிக்கும் பல மாதங்கள் பயணம் செய்யும். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது நினைவூட்டியது நம் பாட்டிமார் என்றோ அறிந்திருந்த பழக்கத்தையே.

அடுத்த திருவிழாவுக்கான முதற் கூட்டம் கூடும்போது, செலவுப் பட்டியலின் தலைப்பில் ஒரு கேள்வியை எழுதி வைப்போம்: ‘விழா முடிந்தபின் இது எங்கே போகும்? இதனை யார் எடுப்பார்?’ விடை தெரியாத பொருள் எதுவும் பட்டியலில் ஏறலாகாது. இந்த ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தால் மற்றவை தாமே அமையும். கானாவூர்த் திருமணத்தில் குறையை முன்னரே கண்டு சொன்ன அன்னை மரியாள், நம் வீட்டு விருந்துகளிலும் பங்கு விழாக்களிலும் எஞ்சுவதையும் குறைவதையும் காணும் கண்களை நமக்குப் பெற்றுத் தருவாராக.